அனதோலியத் திண்டுறையின் இரு முனைகளிலும் உள்ள மாட வரிசை எங்கிருந்து வந்தது?

ஊடுபாவு எழுதியது:

வணக்கம். ஏலத்தில் வாங்கிய பழைய திண்டுறை ஒன்றைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். இது துருக்கியில் யஸ்திக் என்று வழங்கும் வகை. நீளம் 88 செ.மீ., அகலம் 53 செ.மீ. முகப்பு முழுவதும் கம்பளி முடிச்சுகளால் நெய்யப்பட்டிருக்கிறது. பின்பக்கத் துணி இல்லை. ஒரு முனையில் மட்டும் விரலகலத்துக்குச் சிவப்பு நிறச் சாதாரண நெசவு எஞ்சியிருக்கிறது.

தரை அடர் சிவப்பு. நடுவில், விளிம்பெங்கும் கொக்கிகள் நீட்டிய பெரிய சாய்சதுரமும் அதனுள் எட்டுமுனை நட்சத்திரமும் உள்ளன. சாய்சதுரத்துக்கு மேலும் கீழும் விசிறி வடிவப் பூ ஒவ்வொன்று நிற்கிறது. இரு முனைகளிலும் ஐந்து ஐந்தாகச் சிறு மாடங்கள் வரிசையாக அமைந்து, ஒவ்வொன்றிலும் மூன்று கிளை கொண்ட மொட்டு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் வெள்ளைத் தரையில் நீல, சிவப்பு முக்கோணங்கள் மாறி மாறி வரும் ஒடுங்கிய கரை.

விற்றவர் தந்த தாளில், "18-ஆம் நூற்றாண்டு, கோன்யா, நடுவில் தாய்த்தெய்வம், முனைகளில் கருவளச் சின்னங்கள்" என்று எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் காலக் கணிப்பு பொருந்துமா, வடிவங்களுக்குத் தரப்படும் பொருளை ஏற்கலாமா என்பவை என் கேள்விகள். இவற்றைவிட என்னை ஈர்ப்பது அந்த மாட வரிசைதான். தொழுகை விரிப்பில் மாடம் இருப்பதற்குக் காரணம் உண்டு, அது மசூதியில் தொழும் திசையைக் காட்டும் மாடத்தைக் குறிக்கிறது. சாய்ந்து உட்காரும் திண்டில் பத்து மாடங்கள் எதற்காக?

தறிவீடு எழுதியது:

வடிவத்துக்குப் போவதற்கு முன் நெசவைப் பார்த்துவிடுவது நல்லது. நெசவு சொல்வதற்கு மாறாக வடிவத்தைப் படிக்க முடியாது.

முதலில் பயன்பாடு. அனதோலியாவின், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியின், நகர வீடுகளில் சுவரோரமாக ஓடும் ஸெதிர் என்னும் தாழ்ந்த நீள் இருக்கையிலும், கிராம வீடுகளிலும் கூடாரங்களிலும் வெறும் தரையிலும், முதுகுக்கு அணையாக இந்தத் திண்டுகளைச் சாத்தி வைத்தார்கள். உள்ளே கம்பளித் துண்டுகளோ வைக்கோலோ திணிக்கப்பட்டிருக்கும். பெண்கள் தங்கள் சீருக்காக இவற்றைப் பெரும்பாலும் இணையாகவே நெய்தார்கள். முகப்பு மட்டுமே முடிச்சு நெசவு. பின்பக்கம் வெறும் நெசவாகவோ பட்டைக் கோடுகள் கொண்டதாகவோ இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற திண்டுறைகளில் ஏராளமானவை பின்பக்கம் பிரிக்கப்பட்டுச் சிறு விரிப்புகளாக விற்கப்பட்டன. தங்களிடம் இருப்பதும் அப்படி ஒன்றே. நீள ஓரங்களில் தையல் துளைகள் வரிசையாகத் தெரிந்தால் அது உறுதியாகும்.

அடுத்து முடிச்சு. கம்பளத்தை ஒரு வரிசையில் மடித்து, இழைகளை விலக்கிப் பாருங்கள். முடிச்சு நூல், நெடுக்காக ஓடும் இரண்டு பாவுநூல்களையும் மேலாகச் சுற்றி, அதன் இரு முனைகளும் அவற்றின் நடுவிலிருந்து வெளிவந்தால் அது சமச்சீர் முடிச்சு. கோர்டெஸ் என்ற ஊரின் பெயராலும் வழங்குவது. ஒரு பாவுநூலை மட்டும் முழுமையாகச் சுற்றி, மற்றதன் பின்னால் வெறுமனே சென்றால் அது சமச்சீரற்ற முடிச்சு. ஏறத்தாழ இதே அளவில் பலூச் மக்கள் நெய்த பாலிஷ்த் என்னும் திண்டுறைகள் பொதுவாக இரண்டாம் வகை. சமச்சீர் முடிச்சு காக்கேசியாவிலும் குர்து மக்களிடமும் உண்டு என்பதால், முடிச்சை மட்டும் வைத்து அனதோலியா என்று தீர்ப்பளிக்க முடியாது. குறுக்கே செல்லும் ஊடையின் நிறம், பாவின் நிறம், கம்பளியின் தன்மை ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் கூறினால் மேற்கொண்டு பேச இயலும்: 10 செ.மீ. அளவில் குறுக்காகவும் நெடுக்காகவும் எத்தனை முடிச்சுகள், ஊடை என்ன நிறம், இழைகள் எந்த முனையை நோக்கிச் சாய்கின்றன, ஒவ்வொரு நிறமும் நுனியிலும் அடியிலும் ஒன்றாக இருக்கிறதா.

ஊடுபாவு எழுதியது:

பொறுமையாக எண்ணிப் பார்த்தேன். முடிச்சு சமச்சீர் வகையே. 10 செ.மீ. குறுக்கில் 28 முடிச்சுகள், நெடுக்கில் 36 வரிசைகள். பாவு முறுக்கேறிய வெள்ளைக் கம்பளி. ஊடை சிவப்புக் கம்பளி. ஒவ்வொரு முடிச்சு வரிசைக்குப் பின்னும் இருமுறை செல்கிறது. இரு நீள ஓரங்களிலும் தையல் துளைகள் உள்ளன.

முழு அகலம் 148 முடிச்சுகள். அதில் கரைகளுக்கு 14, 15 போக, உள்பரப்புக்கு 119. கையால் தடவும்போது இழைகள் ஒரு முனையை நோக்கிச் சீராகப் படிகின்றன. அந்த முனையிலுள்ள மாடங்கள் 11 செ.மீ. உயரம், 40 வரிசைகள். எதிர்முனை மாடங்களுக்கு 31 வரிசைகளே இருக்கின்றன, உயரம் எட்டரை செ.மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. மொட்டின் காம்பு அங்கே ஒன்பது வரிசை குட்டையாகிவிட்டது.

நிறங்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் நுனியிலும் அடியிலும் ஒன்றே. கோடுகளுக்குப் பயன்பட்ட கரும்பழுப்பு இழைகள் அரித்துப்போய், அந்த இடங்கள் மட்டும் பள்ளமாகத் தெரிகின்றன. நட்சத்திரத்தின் உள்பகுதி வெளிர் சாம்பல் நிறம் என்று எண்ணியிருந்தேன். இழையை விலக்கியபோது முடிச்சின் அடியில் பளிச்சென்ற கத்தரிப்பூ நிறம் இருக்கிறது.

மஞ்சிட்டி எழுதியது:

அந்தக் கத்தரிப்பூ நிறமே தங்கள் காலக் கேள்விக்கு விடை. அடியில் ஊதாவும் நுனியில் சாம்பலுமாக மாறுவது தொடக்ககாலச் செயற்கைச் சாயங்களின் அடையாளம். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் மோவீன் என்னும் ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். மூன்று ஆண்டுகளில் பிரான்ஸில் ஃபுக்ஸின் என்னும் செவ்வூதாச் சாயம் வந்தது. இவை பிரகாசமானவை, மலிவானவை. ஆனால் வெயிலைத் தாங்காதவை. மேற்கு அனதோலியாவின் உள்நாட்டை இஸ்மிர் துறைமுகத்தோடு இணைத்த ஐதின் வரையிலான ரயில்பாதை 1866-இல் முடிந்தது. அதற்குப் பின் துறைமுகத்தில் இறங்கும் சாயப் பொட்டலம் உள்ளூர்ச் சந்தைகளை எட்டுவது எளிதாயிற்று. ஆகவே தங்கள் திண்டுறை 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. 1870-க்கும் 1900-க்கும் இடைப்பட்டது என்று சொல்வதே முறை.

இதனால் இது தரம் குறைந்தது என்று பொருளல்ல. மற்ற நிறங்களைப் பாருங்கள். சிவப்பு, நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த, துருக்கியர் கொக்போயா என்று அழைக்கும் செடியின் வேரிலிருந்து படிகாரம் சேர்த்து எடுத்ததாக இருக்கக்கூடும். நீலம் அவுரிச் சாயமாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. செயற்கை அவுரி 1897-இல்தான் விற்பனைக்கு வந்தது. கரும்பழுப்பு அரித்துப்போனதற்குக் காரணம், மாசிக்காய் போன்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பைச் சேர்த்துச் சாயமேற்றியது. அந்த இரும்பு நாளடைவில் கம்பளியைத் தின்றுவிடும். வீட்டுத் தொட்டியில் தானே சாயமேற்றிய நூல்களின் நடுவே, சந்தையில் வாங்கிய புதிய ஊதா ஒன்றை மிகச் சிக்கனமாக, நட்சத்திரத்தின் உள்ளே மட்டும் வைத்திருக்கிறாள் அந்தப் பெண். அன்றைக்கு அது அவளிடம் இருந்த மிக அரிய நிறமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவிடத்தில் வைத்திருக்க மாட்டாள்.

சிவப்பைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. அந்த வேரின் முதன்மையான சாயப்பொருளான அலிசரினை 1868-இல் கிரேபே, லீபர்மான் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்கள் செயற்கையாக ஆக்கினார்கள். அதன்பின் வந்த சிவப்புகளில் வேர்ச்சாயம் எது, ஆலைச்சாயம் எது என்று கண்ணால் பிரிப்பது கடினம். ஆய்வுக்கூடத்தில் நிறப்பகுப்பியல் செய்து, வேரில் அலிசரினோடு சேர்ந்தே காணப்படும் பர்ப்பூரின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறு இழைத்துண்டே அதற்குப் போதும். பழைய துருக்கியக் கம்பளச் சாயங்களை இவ்வாறு பகுத்தறிந்து, மறந்துபோன முறைகளை மீண்டும் கிராமங்களுக்குக் கொண்டுசென்றவர் ஹரால்ட் போமர் என்ற ஜெர்மானிய வேதியியல் ஆசிரியர். 1981-இல் சனக்கலே மாகாணத்தின் ஐவாஜிக் வட்டாரத்தில், மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கிய டோபாக் திட்டம் அதன் பயன்.

பட்டுச்சட்டம் எழுதியது:

மாட வரிசையைப் பற்றிக் கேட்டதற்கு மகிழ்ச்சி. திண்டுறை வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

தங்கள் கம்பளித் திண்டுறையைச் சற்று ஒதுக்கிவிட்டு, 16, 17-ஆம் நூற்றாண்டு உதுமானியப் பட்டு வெல்வெட் திண்டுறைகளைப் பாருங்கள். பூர்சாவிலும் பின்னர் இஸ்தான்புல்லின் உஸ்குதாரிலும் தொழில்முறை நெசவாளர்கள் நெய்த இவை சாத்மா எனப்படும். பட்டு வெல்வெட்டுக்கு இடையே வெள்ளி, பொன் சரிகை ஊடாடும். ஏறத்தாழ 65 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் கொண்டவை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் ஆகிய அருங்காட்சியகங்களில் நல்ல சான்றுகள் உள்ளன. நடுவில் பதக்கம் அல்லது விரிந்த கார்னேஷன் பூக்கள், இரு முனைகளிலும் குறுக்காகச் சிறு மாடங்களின் வரிசை, பெரும்பாலும் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு பூ. சேலைக்கு முந்தி போல, துணி முடிகிற இடத்துக்குத் தனி அலங்காரம் வேண்டும் என்ற நெசவு அறிவு இதில் இருக்கிறது. வெல்வெட் திண்டுறைகள் நீண்ட துணியாகத் தொடர்ந்து நெய்யப்பட்டுப் பின் வெட்டப்பட்டவை. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதையும் அந்த வரிசை காட்டிக்கொடுத்தது.

அரண்மனையிலும் செல்வர் வீட்டிலும் ஸெதிரின் மேல் வரிசையாகச் சாத்தியிருந்த அந்தத் திண்டுகளே, திண்டு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை நாடெங்கும் பரப்பின. வெல்வெட்டை வாங்க முடியாத வீட்டுப் பெண், தன் ஆட்டுக் கம்பளியில் அதே அமைப்பை நெய்தாள். ஆகவே தங்கள் திண்டுறையின் மாடங்களுக்கும் தொழுகை மாடத்துக்கும் நேரடி உறவு இல்லை. அவை பட்டு வெல்வெட்டின் முனை அலங்காரத்தின் வழித்தோன்றல்கள். நடுவிலுள்ள விசிறி வடிவப் பூவும் அதே வெல்வெட் கார்னேஷன்தான். லாதிக் என்னும் அனதோலிய ஊரின் பெயரால் வழங்கும் தொழுகை விரிப்புகளில், மாடத்துக்கு மேலோ கீழோ டியூலிப் மலர்கள் நிற்கும் தனிப் பட்டையில் இதே போன்ற முனை வரிசை ஒன்று வருவதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வட்டமான கார்னேஷன் ஏன் இப்படிப் படிக்கட்டுக் கோணங்களாக மாறியது என்பதற்குத் தாங்கள் தந்த எண்களே விளக்கம். அந்தப் பூ எத்தனை முடிச்சு அகலம் என்று எண்ணிச் சொல்ல முடியுமா?

ஊடுபாவு எழுதியது:

பூ 33 முடிச்சு அகலம். சாய்சதுரம் 91 முடிச்சு அகலம், 91 வரிசை உயரம். ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அகலம் 32 செ.மீட்டருக்கு மேலும் உயரம் 25 செ.மீட்டராகவும் இருக்கிறது. எண்ணிக்கை சமமாக இருந்தும் வடிவம் படுத்துவிட்டதைக் கண்டு வியந்தேன்.

பட்டுச்சட்டம் எழுதியது:

வியப்புக்கு இடமில்லை. தங்கள் நெசவில் ஒரு முடிச்சு மூன்றரை மி.மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட அகலமும், 2.8 மி.மீ. உயரமும் கொண்ட சிறு செவ்வகம். ஒரு முடிச்சு பக்கவாட்டில், ஒரு வரிசை மேலே என்று ஏறிக்கொண்டே போனால் கோடு 45 பாகையில் ஏறாது. 38 பாகையில்தான் ஏறும். கணக்கை மனத்தில் வைத்து நெய்பவளுக்கு ஒன்றுக்கு ஒன்று என்பதே எளிய விதி. அதன் விலை, சாய்சதுரம் அகலவாட்டில் படுப்பது. அதேபோல், பூவின் முழு அகலத்துக்கும் 33 கட்டங்களே இருக்கும்போது வளைவு வளைவாகத் தெரியாது. நுண்ணிய பட்டுப் பாவில் வளைந்த இதழ், இங்கே படியாகத்தான் இறங்க முடியும்.

மலைப்பாதை எழுதியது:

மேலே நண்பர் பட்டுச்சட்டம் எழுதியதைப் படித்தபோது, கிராமத்துப் பெண்ணை வெறும் நகலெடுப்பவளாக ஆக்கிவிடுகிறோமோ என்று தோன்றியது. நடுவிலுள்ள கொக்கிச் சாய்சதுரம் எந்த வெல்வெட்டிலும் இல்லை. அது யோரூக் என்னும் நாடோடி மக்களின் கிலிம்களிலும் (முடிச்சில்லாத தட்டை நெசவு விரிப்புகள்) சாக்குப் பைகளிலும் காலங்காலமாக இருப்பது. இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண் என்று பொருள்படும் எலிபெலிந்தெ, ஆட்டுக்கடாவின் கொம்பு, கண், தேள் என்று நெசவாளர்களே இவ்வடிவங்களுக்குப் பெயர் சொல்கிறார்கள். துருக்கியிலுள்ள சட்டல்ஹூயுக் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பின் அகழாய்வில் கிடைத்த சுவரோவியங்களில் இதே உருவங்கள் எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் விற்றவரின் தாளில் உள்ள "தாய்த்தெய்வம்" முற்றிலும் ஆதாரமற்றது என்று எப்படிச் சொல்வது?

தறிவீடு எழுதியது:

நண்பர் மலைப்பாதை எழுதியதில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பேசுவது அவசியம்.

சட்டல்ஹூயுக் கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்தை 1961 முதல் 1965 வரை அகழ்ந்தவர் ஜேம்ஸ் மெலார்ட். அகழாய்வு அறிக்கைகளில் இல்லாத பல சுவரோவியங்களை, இன்றைய கிலிம் வடிவங்களை அப்படியே ஒத்த கோட்டுப்படங்களாக, அவர் 1980-களில் வெளியிட்டார். 1989-இல் அவை நூலாகவும் வந்தன. அவற்றுக்குப் புகைப்படச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. அவர் மறைந்த பிறகு, 2018-இல், அவருடைய லண்டன் இல்லத்தில் அத்தகைய ஓவியங்களுக்கான முன்வரைவுகள் கிடைத்தன என்றும் அவை அவரே உருவாக்கியவை என்றும் எபர்ஹார்ட் சாங்கர் என்ற தொல்லியல் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். ஆனால் அந்தப் படங்களை நம்பி எழுதப்பட்ட "தாய்த்தெய்வ" விளக்கங்கள், விற்பனைத் தாள்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அதை நம்பிப் பணம் கொடுப்பவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, கொக்கிச் சாய்சதுரம் கிலிமிலிருந்து வந்தது என்ற கருத்து. அதில் நான் முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் அதற்கான சான்று தெய்வத்தில் இல்லை, நெசவு முறையில் இருக்கிறது. அமெரிக்க நெசவு ஆய்வாளர் மார்லா மாலெட் இதைத் தெளிவாக வாதிட்டிருக்கிறார். கிலிம் நெசவில் இரு நிறங்கள் செங்குத்துக் கோட்டில் சந்தித்தால் அங்கே கீறல் விழும். கீறல் நீண்டால் துணி வலுவிழக்கும். ஆகவே கிலிம் நெய்பவள் செங்குத்துக் கோடுகளைத் தவிர்த்து, சாய்வாகப் படிப்படியாக ஏறும் வடிவங்களையும், விளிம்பில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் கொக்கிகளையும் நாடினாள். முடிச்சுக் கம்பளத்தில் இந்தத் தடை இல்லை. செங்குத்தாக எவ்வளவு நீளத்துக்கும் கோடு இழுக்கலாம். தேவையே இல்லாத ஊடகத்தில் கொக்கியும் படியும் தொடர்ந்து வருகின்றன என்றால், அவை கிலிமிலிருந்து குடிபெயர்ந்தவை என்று கொள்வதே பொருத்தம். தங்கள் திண்டுறையின் நடுப்பகுதி கிலிமின் பிள்ளை. முனைகளும் பூவும் பட்டு வெல்வெட்டின் பிள்ளைகள். இரண்டு பிறப்பிடங்களும் ஒரே பரப்பில் உட்கார்ந்திருப்பதுதான் இதன் சிறப்பு.

எலிபெலிந்தெ போன்ற பெயர்களைப் பொறுத்தவரை, அவை நெசவாளர்கள் ஒரு வடிவத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறியவும் நினைவில் வைக்கவும் வழங்கும் பெயர்கள். ஒரே வடிவத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருப்பதும் உண்டு. பெயர் இருப்பதாலேயே அது வழிபாட்டுச் சின்னம் ஆகிவிடாது.

மலைப்பாதை எழுதியது:

மெலார்ட் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. அந்தச் சான்றை இனி நான் எடுத்துக்காட்ட மாட்டேன். எனினும் என் முதல் கவலை தீரவில்லை. வெல்வெட் முனையில் பெரும்பாலும் ஆறு மாடங்கள் என்று நண்பர் பட்டுச்சட்டம் எழுதினார். இங்கே ஐந்து இருக்கின்றன. இடம் போதாமல் ஒன்றை விட்டுவிட்டாளா, அல்லது ஐந்துதான் வேண்டும் என்று நெய்தாளா?

பட்டுச்சட்டம் எழுதியது:

இந்தக் கேள்விக்கு ஊடுபாவு அவர்களின் எண்ணிக்கையிலேயே விடை இருக்கிறது. கணக்கிட்டபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

உள்பரப்பு 119 முடிச்சு அகலம். மாடங்களுக்கு இடையே ஒரு முடிச்சு அகலத்தில் பிரிகோடு ஓடுகிறது என்று கொள்வோம். ஐந்து மாடங்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் 23 முடிச்சு, இடையே நான்கு கோடுகள், மொத்தம் 119. ஆறு மாடங்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் 19 முடிச்சு, இடையே ஐந்து கோடுகள். மொத்தம் அப்போதும் 119 தான். ஒரு முடிச்சுகூட மிஞ்சாமலும் குறையாமலும் இரண்டும் பொருந்துகின்றன. இடம் போதாமல் ஒன்றை விட்டாள் என்று சொல்ல வழியே இல்லை. ஆறும் சாத்தியமாக இருந்தபோது அவள் ஐந்தைத் தேர்ந்திருக்கிறாள்.

ஏன் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். ஆறு மாடங்கள் வைத்தால் பரப்பின் நடுக்கோட்டில் பிரிகோடு வரும். அதன் மேல் நிற்கும் கார்னேஷன், இரண்டு மாடங்களுக்கு நடுவே ஒரு கோட்டின் உச்சியில் நிற்க நேரிடும். ஐந்து வைத்தால் நடு மாடம், அதனுள் மொட்டு, மேலே பூ, அதற்கும் மேலே சாய்சதுரத்தின் முனை என்று அனைத்தும் ஒரே முடிச்சின் மேல் நேராக அடுக்கப்படும். வெல்வெட்டில் இந்த இறுக்கம் கட்டாயமில்லை. அங்கே மாட வரிசை தனித்த பட்டை. இவள் அதைத் தன் முழு வடிவத்தோடு முதுகெலும்பாகக் கோத்துவிட்டாள். வெல்வெட்டிலிருந்து பெற்றதை மறுக்காமலே, இதை அவளுடைய படைப்பு என்று சொல்லலாம். மலைப்பாதை அவர்களின் கவலைக்கு இதுவே என் மறுமொழி.

சந்தைமுனை எழுதியது:

கம்பள வணிகத்தில் இருப்பவன் என்ற முறையில், "கோன்யா" என்ற பெயரைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. வணிகத்தில் வழங்கும் ஊர்ப்பெயர்கள் பலவும் நெய்த ஊரின் பெயர்கள் அல்ல. சுற்றுப்புறக் கிராமங்களின் நெசவு விற்பனைக்கு வந்து சேர்ந்த சந்தை ஊர்களின் பெயர்கள். பெர்காமா என்றால் பெர்காமா நகரில் நெய்தது என்று பொருளல்ல. சிவப்பு ஊடை, வெள்ளைப் பாவு, பளபளக்கும் மென்கம்பளி ஆகிய மூன்றும் சேர்ந்து வரும்போது நான் மேற்கு அனதோலியாவையே முதலில் நினைப்பேன். விலைப்பட்டியலில் அதற்குமேல் துல்லியமாக எழுதியிருந்தால், எந்தச் சான்றின்பேரில் என்று கேளுங்கள். காலத்தையும் விற்றவரிடம் எழுத்து மூலம் திருத்திக் கேட்பதில் தவறில்லை.

பெட்டகம் எழுதியது:

துணிப் பாதுகாப்புப் பணியில் இருப்பதால் சில வேண்டுகோள்கள். இதற்குப் புதிய பின்துணி தைத்து, பஞ்சு திணித்து, மீண்டும் திண்டாகப் பயன்படுத்த வேண்டாம். அரித்துப்போன கரும்பழுப்பு இழைகள் உள்ள இடங்களில் இழுவையைத் தாங்காது. எஞ்சியிருக்கும் விரலகலச் சிவப்பு நெசவை ஒழுங்குக்காக வெட்டிவிடவும் வேண்டாம். பின்பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

தண்ணீரில் நனைப்பதற்கு முன், ஈர வெள்ளைப் பருத்தித் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் மெல்ல ஒற்றிப் பாருங்கள். குறிப்பாக அந்த ஊதா கசியும் வாய்ப்பு அதிகம். அந்துப்பூச்சி அறிகுறி இருந்தால், காற்றுப் புகாத உறையில் இட்டு, மைனஸ் 18 பாகை செல்சியஸுக்குக் கீழே இரண்டு வாரம் உறைய வைப்பது பாதுகாப்பான வழி. சுருட்டுவதானால் முடிச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி, அமிலமற்ற தாள் சுற்றிய குழாயின் மேல் சுருட்ட வேண்டும், மடிக்கக் கூடாது. சுவரில் மாட்டினால் வெயில் படாத சுவராக இருக்கட்டும்.

ஊடுபாவு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வெட்டவும் மாட்டேன், திணிக்கவும் மாட்டேன். பருத்தித் துணியின் மேல் தையலால் தாங்கவைத்து, உள்ளறைச் சுவரில் மாட்ட எண்ணியிருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது: இரு முனை மாடங்களும் ஏன் உயரத்தில் வேறுபடுகின்றன?

தறிவீடு எழுதியது:

முடிச்சு போட்டு இழையை வெட்டும்போது அதைக் கீழ்நோக்கி இழுப்பதால், இழைகள் நெசவு தொடங்கிய முனையை நோக்கியே சாயும். தங்கள் துண்டில் அவை 40 வரிசை மாடங்களை நோக்கிச் சாய்வதால், அங்கேதான் நெசவு தொடங்கியது. 31 வரிசை மாடங்கள் கடைசியில் நெய்தவை. அவள் அங்கே ஊடையை அழுத்தி அடித்து உயரத்தைக் குறைக்கவில்லை. காம்பிலிருந்து ஒன்பது வரிசைகளையே எடுத்துவிட்டாள். அதாவது, எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்பதை மாடம் தொடங்கும் முன்பே பார்த்து, மொட்டும் வளைவும் முழுமையாக வரும்படி காம்பை மட்டும் குறைத்திருக்கிறாள்.

இணைத் திண்டுகளை ஒரே பாவில் ஒன்றன்பின் ஒன்றாக நெய்து, பின் வெட்டிப் பிரிப்பது வழக்கம். பாவின் இறுதியை நெருங்கும்போது நூல்கள் இறுகி, ஊடையைச் செலுத்த இடம் திறப்பது கடினமாகும். ஆகவே தங்களிடம் இருப்பது இணையின் இரண்டாவது துண்டாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் முதலாவதில் இரு முனை மாடங்களும் 40 வரிசைக்கு அருகில் இருக்கும். அதுவும் அன்றைக்கே பின்பக்கம் பிரிக்கப்பட்டு வேறு கைக்குப் போயிருக்கலாம். ஏலப் பட்டியல்களைப் பார்க்கும்போது 119 முடிச்சு உள்பரப்பு, 14-க்கு 15 என்ற கரை வேறுபாடு, முனைக்கு ஐந்து மாடங்கள், சாம்பலாக வெளுத்த நட்சத்திரம் ஆகிய நான்கையும் ஒப்பிடுங்கள். பின்பக்கத்தை மிக அருகிலிருந்து எடுத்த படத்தையும் இங்கே பதிவிட்டால், எங்களில் யாருடைய கண்ணிலாவது மற்றது பட்டால் அடையாளம் காண உதவும்.